உண்டியலோடு வருகிறவர்கள்: கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை



சம்பளத் திகதி என்றால் லயத்து வாசலுக்கு யார் யார் வருவார்கள் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். சீட்டுக்காரர் வருவார், தவணைக்குத் துணி கொடுத்தவர் வருவார், கடைக் கணக்கு வரும், லோன் கம்பனி மோட்டார் சைக்கிள் வரும். இவர்களோடு இன்னொருவரும் வருவார். கையில் ஒரு பைல் இருக்கும். பைலுக்குள் ஒரு சின்னப் பிள்ளையின் படம் இருக்கும். கூட வருகிறவர் பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டியை வைத்திருப்பார். "தருமம் பண்ணுங்கம்மா, ஒரு உயிரக் காப்பாத்துங்க" என்று சொல்லுவார். இந்த இதழின் பாடம் அவரைப் பற்றியது.

தருமம் செய்யாதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொடுப்பதில் தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த லயம் அடுப்புப் பற்ற வைத்துச் சோறு அனுப்பும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது, கடலைக் கண்ணால் பார்த்திராத கிழவிகள்கூட அரிசியையும் பழைய சேலையையும் மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியபோதும் அப்படித்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்தபோது, தங்கள் வீட்டுச் சுவரே வெடித்திருந்தவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்குப் பாய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இப்படிக் கொடுக்கிற கை இருக்கிற இடத்தைத் தேடித்தான் கள்ளனும் வருகிறான்.

எங்கள் கையால் நடந்த தவறு

ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் நியாயம்.

2018ஆம் ஆண்டு சித்திரை மாதம், சம்பளத்துக்கு மறுநாள் காலை. பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்குப் போய்க் கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் எங்கள் பிள்ளை மடுவத்துக்கு வந்தார்கள். ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டவர், நல்ல தமிழ் பேசினார். மற்றவர் பையன். நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்றுக்கு இருதயத்தில் ஓட்டை, ஒப்பரேஷனுக்கு இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார்கள். மூக்கில் குழாய் போட்ட படம், மூன்று மொழியிலும் அச்சடித்த கடிதம், அதில் இரண்டு ரப்பர் முத்திரை. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

படத்தைப் பார்த்ததும் எங்கள் மனம் கரைந்துவிட்டது. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் நாங்கள், கல்லாகவா இருக்க முடியும்? ஐநூறு ரூபாவைப் பெட்டியில் போட்டோம். அதோடு விட்டிருக்கலாம். "மேல் டிவிஷனுக்கும் போங்க, நலன்புரி ஆபிஸில கொடுத்தாங்கன்னு சொல்லுங்க" என்று வழியும் காட்டிவிட்டோம்.

அன்றைக்கு அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. ஒரு வீடு 200 ரூபா கொடுத்தால் அது அரை நாள் கொழுந்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியிருந்தும் கொடுத்தார்கள். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கூட்டிப் பார்த்தபோது 23,400 ரூபா வந்தது.

ஒரு மாதம் கழித்து வேறு தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரோடு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களிடமும் இருதய ஓட்டைப் பிள்ளை வந்திருந்தது. அதே படம். பெயர் வேறு, வயது வேறு, நோயைச் சொன்ன வைத்தியசாலையும் வேறு. கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தோம், வேலை செய்யவில்லை. கடிதத்தில் பெயர் போட்டிருந்த வைத்தியசாலைக்கு எடுத்துக் கேட்டபோது அப்படி ஒரு பிள்ளை அங்கே இல்லை என்றார்கள். இதையெல்லாம் கொடுக்கும் முன் செய்திருந்தால் பத்து நிமிடம் போயிருக்கும்.

ஆனால் அந்தக் காசு பெரிதல்ல. பெரிய நட்டம் அதே ஆண்டு கார்த்திகையில் வந்தது. எங்கள் கீழ் டிவிஷனிலேயே ஒரு பெண் பிள்ளைக்கு உண்மையாக வருத்தம். கொழும்புக்குக் கொண்டுபோகத் திகதி கொடுத்திருந்தார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் தாயும் தகப்பனும் போய் வர, வெளியில் தங்க, சாப்பிட, வெளியில் எடுக்கச் சொன்ன ஒரு சோதனைக்குக் காசு வேண்டும். போகிற இரண்டு வாரமும் பேர் விழாது. தகப்பன் லயம் லயமாகப் போனார். 2,150 ரூபாதான் சேர்ந்தது. சில கதவுகள் திறக்கவே இல்லை. நாங்கள் போய்க் கேட்டபோது ஒரு பாட்டி சொன்னார்: "ஐயா, போன தடவையும் நீங்கதானே போடச் சொன்னீங்க."

பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை.

அந்தத் திகதி தவறிப் போனது. அடுத்த திகதிக்கு மூன்று மாதம் இருந்தது. பிள்ளையின் தாய் தோட்டை அடகு வைத்தார். மூன்று மாதமும் அந்தப் பிள்ளை இரவில் மூச்சு இழுக்கிற சத்தம் அடுத்த காம்பராவுக்குக் கேட்டது. கடைசியில் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் அந்த மூன்று மாதத்துக்குக் காரணம் யார் என்று நாங்கள் எங்களையே கேட்காமல் இருந்ததில்லை.

எப்படி வருகிறார்கள்

பொய்யான தருமத்துக்கு வருகிறவர்களிடம் சில பழக்கங்கள் உண்டு. ஒன்று, அவசரம். "இன்றைக்கு இரவே பணம் கட்ட வேண்டும்" என்பார்கள். யோசிக்க நேரம் கொடுத்தால் நீங்கள் கணக்கப்பிள்ளையிடமோ பள்ளிக்கூட மாஸ்டரிடமோ கேட்டுவிடுவீர்களே, அதனால்தான். இரண்டாவது, பெரிய பெயர். ஒரு நல்ல சங்கத்தின் பெயரில் ஒரு சொல்லை மாற்றி வைத்துக்கொள்வார்கள். காதுக்குக் கேட்கும்போது பழகிய பெயர் மாதிரியே இருக்கும். டித்வாவுக்குப் பிறகு அரசாங்கம் 'ரீபில்டிங் ஸ்ரீ லங்கா' என்று ஒரு நிதியம் அமைத்தது. அது அரசாங்கத்தின் பெயர் என்று தெரிந்தால், அதே மாதிரிப் பெயரில் நாலு பேர் உண்டியல் தூக்குவது பெரிய வேலையா?

மூன்றாவதுதான் எங்களை விழுத்தியது. முதலில் தோட்டத்தில் மதிப்புள்ள ஒருவரைப் பிடிப்பார்கள். கோயில் ஐயர், பாதிரியார், தலைவர், மடுவத்து அம்மா, நலன்புரி உத்தியோகத்தர், யாராவது ஒருவர். அவர் ஐம்பது ரூபா போட்டால் போதும். அதன் பிறகு அவர்கள் காட்டுவது கடிதத்தை அல்ல, அவருடைய பெயரைத்தான். ஆகவே மதிப்புள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: உங்கள் காசை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பெயரை விசாரிக்காமல் கொடுக்காதீர்கள்.

படத்தைக் காட்டி ஒருவரும் அழவைக்க வேண்டியதில்லை. இன்னொருவருடைய பிள்ளையின் படத்தை முகநூலிலிருந்து எடுத்து அச்சடிக்க ஒரு நிமிடம் போதும். முத்திரை வெட்டுகிற கடை எந்த டவுனிலும் உண்டு. உறை போட்ட கடிதம் என்பதற்காக அது உண்மையாகிவிடாது. மழையில் நனையாமல் இருக்கத்தான் உறை.

வாசலில் நிற்கிறவரிடம் என்ன கேட்பது

கேட்பதற்கு நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். "தருமம் கேக்க வந்தவங்கள விசாரிச்சா பாவம்" என்று ஒரு அம்மா சொன்னார். அம்மா, உண்மையாகப் பிள்ளைக்கு வருத்தமான தகப்பன் உங்கள் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். வைத்தியசாலைக் கொப்பியை அவரே எடுத்து நீட்டுவார். யார் யாரிடமோ சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார். கோபப்படுகிறவர், "நம்பிக்கை இல்லையா" என்று குரலை உயர்த்துகிறவர், "விருப்பமில்லாட்டி விடுங்க, சாபம் உங்களுக்குத்தான்" என்கிறவர், இவர்களிடம்தான் கவனம் வேண்டும்.

பிள்ளை எந்த ஊர், எந்த கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று கேளுங்கள். உண்மையான தகப்பனுக்கு அது நாக்கு நுனியில் இருக்கும். எந்த வைத்தியசாலை, எந்த வார்ட், எந்த டாக்டரின் கிளினிக், அடுத்த கிளினிக் எப்போது என்று கேளுங்கள். கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்காதீர்கள். அதை எழுதினவரே எடுப்பார். வைத்தியசாலையின் இலக்கத்தை வேறு வழியில் எடுத்து அடியுங்கள், அல்லது எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் அடிக்கிறோம். நோயாளியின் விபரத்தை எல்லாம் வைத்தியசாலையில் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கடிதம் தங்களுடையதா இல்லையா என்று கேட்கலாம்.

இன்னொரு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் இருதய ஒப்பரேஷன் கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இலவசமாகச் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டி வரும், அது உண்மை. காத்திருக்க முடியாமல் வெளியில் போகிற குடும்பங்களும் உண்டு. ஆகவே "இந்தியாவுக்குப் போகணும்" என்று சொல்வதெல்லாம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "இங்கே செய்யவே முடியாது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதோடு, நோய்ச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். 2025 முதல் அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. வருகிறவரிடம் "அங்கே போட்டீங்களா?" என்று கேளுங்கள். உண்மையானவர் என்றால் போட்டிருப்பார், அல்லது தெரியாமல் இருந்து உங்களால் தெரிந்துகொள்வார். இரண்டும் நல்லதுதானே.

பதிவு இலக்கம் என்ற மாயம்

"எங்கட சங்கம் அரசாங்கத்தில் பதிஞ்சது" என்று சொன்னவுடன் பலர் பையைத் திறந்துவிடுகிறார்கள். பதிவு என்றால் என்ன என்று பார்ப்போம்.

தொண்டு அமைப்புகளைப் பதிவதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாடு முழுவதும் வேலை செய்கிற அமைப்புகளுக்கு அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் இருக்கிறது. ஊருக்குள்ளேயே வேலை செய்கிற சின்னச் சங்கங்கள் பிரதேச செயலகத்தில் பதியும. 1998இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒரு அமைப்பில் காசு மோசடி நடந்திருக்கிறது என்று தெரிய வந்தால் அதை நடத்த இடைக்கால நிர்வாக சபை ஒன்றை நியமிக்கவும் வழி செய்தார்கள். அந்தத் திருத்தத்தை ஏன் கொண்டுவர வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பதிந்த அமைப்பிலும் காசு காணாமல் போகலாம் என்பதால்தான்.

ஆகவே பதிவு இலக்கம் இருந்தால் நல்லது, அது ஒரு தொடக்கம். இலக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இலக்கம் உண்மைதான், ஆனால் வாசலில் நிற்கிறவர் அந்தச் சங்கத்து ஆள்தானா என்பது அடுத்த கேள்வி. நல்ல சங்கத்தின் கடிதத் தலைப்பைப் போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டு வேறொருவன் வரலாம். சங்கத்து ஒபிஸுக்கு ஒரு கோல் எடுத்தால் தெரிந்துவிடும்.

பற்றுச்சீட்டு கேளுங்கள். அச்சடித்த சங்கப் பெயர், தொடர் இலக்கம், திகதி, வாங்கினவர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். 50 ரூபாவுக்கு ரிசீட்டா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெரிய தொகை என்றால் கையில் கொடுக்காதீர்கள். வங்கியில் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். சங்கம் என்று சொல்லிவிட்டு ஒரு தனி ஆளின் பெயரில் கணக்கு இலக்கம் கொடுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

செக்ரோலில் பிடிக்கச் சொல்லி வருகிற சேர்ப்பும் உண்டு. சந்தா, கோயில் காசு, மரணச் சங்கம் என்று பிடித்துப் பிடித்து நமக்கு அது பழகிவிட்டது. சம்பளத் துண்டில் ஒரு வரி கூடினால் ஏன் என்று கேட்பதுகூடக் கிடையாது. எந்தத் தருமத்துக்கும் உங்கள் கையெழுத்து இல்லாமல் பிடிக்க விடாதீர்கள். எத்தனை மாதத்துக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

போனில் வருவது

இப்போது வாசலுக்கு வருகிறவர்களைவிடப் போனுக்குள் வருகிறவர்கள் கூட. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளை அனுப்பிய போன், அதில் வாட்ஸ்அப். மண்சரிவுப் படம், அழுகிற பாட்டு, கடைசியில் ஒரு கணக்கு இலக்கம். யார் முதலில் அனுப்பினது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "எனக்கு வந்தது, நானும் அனுப்பினேன்" என்பார்கள். படம் எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாமல் அனுப்புகிறவரும், தெரியாமலேயே அந்த நலன்புரி உத்தியோகத்தர் செய்த வேலையைத்தான் செய்கிறார்.

சில செய்திகளில் ஒரு லிங்க் இருக்கும். தொட்டால் உங்கள் வங்கி அட்டை இலக்கத்தைக் கேட்கும். அதன் பின் போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதையும் சொல்லச் சொல்லுவார்கள். அதுதான் ஓ.டி.பி. அது உங்கள் வீட்டுத் திறப்பு மாதிரி. நன்கொடை வாங்குகிறவருக்கு உங்கள் ஓ.டி.பி.யும் பின் இலக்கமும் எதற்கு? வங்கிக்காரர் என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் இந்தப் பகுதியைப் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கொடுக்க வந்து வாங்கிப் போகிறவர்கள்

இது தோட்டத்துக்கென்றே உள்ள மோசடி. தருமம் கேட்டு வர மாட்டார்கள், தருமம் கொடுக்க வருவார்கள். "வெளிநாட்டுச் சங்கம் வீடு கட்டித் தரப்போகுது, பதிவுக்கு 2,500 ரூபா." "பிள்ளைக்குப் புலமைப்பரிசில், போர்முக்கு 500 ரூபா." "தையல் மெஷின் தருகிறோம், பத்துப் பேரைச் சேர்த்தால் உங்களுக்கு முதலில்." வீடில்லாத மக்களிடம் வீடு என்ற சொல்லைச் சொன்னால் யார்தான் நின்று கேட்க மாட்டார்கள்? நூறு வருடத்துக்கு மேல் பத்தடிக் காம்பராவில் இருந்தவர்களின் ஆசையை வைத்து விளையாடுகிறார்கள், அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

கொடுக்க வந்தவன் முதலில் உங்களிடம் ஏன் காசு வாங்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வீடு கட்டுகிற எந்தத் திட்டமும் நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் தெரியாமல் நடக்க முடியாது, காணி யாருடையது? ஆகவே ஆபிஸில் கேட்டால் போதும்.

காசைவிடவும் சில பேர் அடையாள அட்டைப் பிரதியைத்தான் கேட்கிறார்கள். "பெயர் பதியத்தான்" என்று வாங்கி, வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். அதை வைத்து உங்கள் பெயரில் சிம் எடுக்கலாம், லோனுக்கு உங்களைப் பிணையாளியாகவும் போடலாம். ஆறு மாதம் கழித்து லோன் கம்பனிக்காரர் வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். அடையாள அட்டைப் பிரதி கொடுக்க வேண்டி வந்தால், அதன் மேலேயே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் பேனாவால் குறுக்கே எழுதிக் கொடுங்கள். வெற்றுத் தாளில் ஒருநாளும் கையெழுத்து வேண்டாம். கைநாட்டும்தான்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம், அதுதான் அவர்களுக்கு வசதி. ஏமாற்றிக் காசு வாங்குவது தண்டனைச் சட்டக் கோவையின் 398ஆம் பிரிவு சொல்கிற மோசடிக் குற்றம். பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். தமிழும் அரச கரும மொழி, ஆகவே தமிழிலேயே சொல்லலாம், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் இன்னும் தோட்டத்துக்குள் நின்றால் அடிக்கப் போகாதீர்கள், 119க்கு அடியுங்கள். தப்பான ஆளை அடித்துவிட்டால் பிறகு கூண்டில் நிற்பது நம் பிள்ளைகள்தான். வந்தவரின் வாகன இலக்கம், காட்டிய கடிதத்தின் படம், கொடுத்த ரிசீட், பணம் போட்ட துண்டு, வந்த செய்தி எதையும் அழிக்க வேண்டாம். வங்கிக் கணக்கு அல்லது அட்டை விடயம் என்றால் பொலிசுக்கும் முன்னால் வங்கிக்கு அறிவித்து நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் நட்டம். பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். எங்களுக்கு ஒருவர் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தால் அந்தப் பெட்டி எங்கள் வாசலோடு திரும்பியிருக்கும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது

அந்தப் பாட்டி சொன்ன சொல்லுக்குப் பிறகு மாதர் சங்கத்தையும் மரண உதவிச் சங்கத்தையும் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு செய்தோம். வெளியிலிருந்து யார் சேர்ப்புக்கு வந்தாலும் முதலில் ஆபிஸுக்கு அனுப்புகிறோம். கடிதத்தின் பிரதியும் அடையாள அட்டை இலக்கமும் வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறோம். அதற்குள் விசாரிக்கிறோம். இதுவரை ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், அவர்களுக்கு மக்கள் கொடுத்தார்கள். மூன்று பேர் திரும்பி வரவே இல்லை.

நம் தோட்டத்துக்குள்ளேயே தேவை வந்தால் இரண்டு பெண்கள், ஒரு ஆண் என்று மூன்று பேர் சேர்ந்து போகிறார்கள். ஒரு கொப்பியில் வீட்டு இலக்கமும் தொகையும் எழுதப்படும். கொடுத்தவர் பக்கத்தில் கையெழுத்து வைப்பார். பணம் நோயாளியின் குடும்பத்திடம் எல்லோர் முன்னாலும் கொடுக்கப்படும். கணக்கு பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டப்படும்.

2025 டிசம்பரில், மண்சரிவில் வீடிழந்து நம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஏழு குடும்பங்களுக்காக இப்படிச் சேர்த்தோம். 41,600 ரூபா. பாய், சட்டி பானை, பிள்ளைகளுக்குச் சப்பாத்து, பால்மா வாங்கியது போக 340 ரூபா மிச்சம். அந்த 340 ரூபாவை என்ன செய்வது என்று கேட்டு ஒரு கூட்டம் போட்டோம். கொஞ்சம் சிரிப்பும் வந்தது, ஆனாலும் போட்டோம். அடுத்த சேர்ப்புக்கு முதல் வரவாக வைக்கச் சொன்னார்கள். கொப்பியின் புதுப் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது. முன் பக்கத்தில், எட்டாம் இலக்க வீட்டுக்கு நேரே, அந்தப் பாட்டியின் கைநாட்டும் இருக்கிறது, 100 ரூபாவுக்கு.